பம்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

நண்பரே, காரின் பெட்ரோல் பம்பை மாற்ற அவசரப்படாதீர்கள். குன்னூர் மலைப்பாதை ஏறும்போது உங்கள் கார் திணறுகிறது, பம்பின் கனெக்டரைக் கழற்றி அளந்தால் 12.4 வோல்ட், மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் 9.6 என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. கழற்றிய நிலையில் மின்னோட்டமே இல்லை. ஒற்றை இழை மிஞ்சிய வயர்கூட 12 வோல்ட் காட்டிவிடும். பம்ப் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும்போதுதான் வயரின் உண்மை நிலை வெளிப்படும்.

ஆகவே ஓடும்போதே அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை பம்பின் எர்த் வயரில், அதாவது மின்சாரம் கார் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வயரில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். அதேபோல் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பம்பின் பாசிட்டிவ் வயருக்கும் இடையிலும் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கனெக்டர், ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), ஃபியூஸ் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

எனக்கு எர்த் மீதுதான் சந்தேகம். கோத்தகிரியில் என் காரும் இப்படித்தான் படுத்தியது. பின்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் மழை ஈரத்தில் ஊறி, எர்த் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதும் சரியாகிவிட்டது. நம் மலையின் பனிமூட்டம் அங்கேதான் போய் உட்காருகிறது.

சில புதிய கார்களில் கட்டுப்பாட்டுக் கருவியே பம்புக்கு வோல்டேஜைக் குறைத்து அனுப்பும்; அங்கே குறைந்த அளவு கோளாறு ஆகாது. உங்கள் மாடல் அப்படியா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் மின் இணைப்பு எதையும் தொடாதீர்கள், முதலில் கசிவை நிறுத்துங்கள். இரண்டு அளவுகளையும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.