'குவாக்' என்பது வாத்துச் சத்தமா?

போலி டாக்டரை ஆங்கிலத்தில் 'குவாக்' என்பதற்கும் வாத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அது 'குவாக்சால்வர்' என்ற டச்சுச் சொல்லின் சுருக்கம். பின்பாதி களிம்பைக் குறிக்கும். தன் களிம்பைப் பற்றிப் பீற்றிக்கொண்டே விற்பவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

போலி டாக்டருக்கு ஆங்கிலத்தில் இன்னும் அழுத்தமான சொல் 'மவுண்டிபேங்க்'. மூலம் இத்தாலி மொழி, பொருள் 'பெஞ்சில் ஏறு'. சந்தையில் மரப்பெஞ்சைப் போட்டு மேலே ஏறி, குப்பியைத் தூக்கிக் காட்டி, கூட்டம் சேர்த்து மருந்து விற்றவர்கள் இவர்கள். இதே ஆட்களைக் குறிக்கும் 'சார்லட்டன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இத்தாலியிலிருந்து வந்ததுதான்; அதில் வளவளப் பேச்சு ஒலிக்கிறது.

சரி, தமிழில்? 'போலி' என்பது 'போல்' என்ற வேரிலிருந்து வருகிறது. அந்தச் சொற்கள் வாயைச் சுட்டினால், நம் சொல் தோற்றத்தைச் சுட்டுகிறது: கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், வாசலில் போர்டு, எல்லாம் டாக்டர் போலவே.