முகவரி லேபிள்: பூஜ்யம் எங்கே போனது?

கேள்வி: ஆலய உபயதாரர் பட்டியலை எக்செலில் வைத்திருக்கிறோம். லேபிள் அச்சிட்டபோது சைனாடவுன், தெலுக் பிளாங்கா முகவரிகளில் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கமாகிவிட்டது. என்ன காரணம்?
– வாசகர், ஈசூன்

பதில்: இலக்கங்களை மட்டும் தட்டினால் எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தள்ளிவிடும். சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் 050335 இப்படித்தான் 50335 ஆகிறது. 1995 முதல் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். முதல் இரண்டும் வட்டாரத்தைக் காட்டும். நகர மையம், தஞ்சோங் பகார், தெலுக் பிளாங்கா பக்கம் 0 என்று தொடங்கும் குறியீடுகள் நிறைய. அதனால் அடி வாங்குவது அந்த முகவரிகள்தான்.

அஞ்சல் குறியீட்டை வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. அதை எழுத்தாகவே பதிவுசெய்யுங்கள். புதிய பட்டியல் என்றால், தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து, ஃபார்மட் செல்ஸில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். பூஜ்யம் ஏற்கெனவே போய்விட்ட பட்டியலில் இந்த மாற்றம் எதையும் மீட்டுத் தராது. பக்கத்தில் ஒரு வெற்று நெடுவரிசையைச் செருகுங்கள். டெக்ஸ்ட் ஃபார்முலாவில் பழைய கட்டத்தையும், மேற்கோளுக்குள் ஆறு பூஜ்யங்களையும் கொடுத்துக் கடைசிவரை இழுங்கள். பிறகு அந்த நெடுவரிசையைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ தேர்ந்து அதே இடத்தில் ஒட்டிவிட்டு, பழையதை நீக்குங்கள்.

கஸ்டம் ஃபார்மட்டில் 000000 கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். திரையில் ஆறு இலக்கம் தெரியும்; உள்ளே இருப்பது 50335தான். பட்டியலிலிருந்து லேபிள் தயாரிக்கும் வேர்டு, உள்ளே இருப்பதைத்தான் எடுக்கும்.

இன்னொரு ஆபத்து, மலேசிய முகவரிகள். அங்கே ஐந்து இலக்கம். ஆறு பூஜ்ய ஃபார்முலாவை எல்லாருக்கும் இழுத்துவிட்டால் ஜொகூர் பாருவின் 80000, 080000 ஆகிவிடும். முதலில் நாடு வாரியாக வரிசைப்படுத்தி, சிங்கப்பூர்ப் பகுதிக்கு மட்டும் ஃபார்முலாவைப் போடுங்கள். மலேசியக் குறியீடுகளையும் எழுத்தாக்குவது அவசியம். ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால், வேர்டு வழக்கமாக முதல் 8 பதிவுகளைப் பார்த்தே அது எந்த வகை என்று ஊகிக்கும். ஊகத்துக்குப் பொருந்தாத பதிவுகள் லேபிளில் வெறுமையாகவோ 0 என்றோ வரும்.

வீட்டு எண்ணிலும் இதே தொல்லை உண்டு. #03-12 என்று தட்டினால் அப்படியே நிற்கும். # குறியை விட்டுவிட்டால் எக்செல் அதை டிசம்பர் 3 என்பதுபோல் ஒரு தேதியாக்கிவிடும்.

கேள்வி: ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்பிதழ் போகிறது. ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ செய்தும் பயனில்லை.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பெயரை வைத்துத் தேடியிருப்பீர்கள். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். எக்செலுக்கு அவை நான்கு பேர். இங்கே ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்கும் தனி அஞ்சல் குறியீடு இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. குறியீட்டையும் வீட்டு எண்ணையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதினால் ஒரு வீட்டுக்கு ஒரு அடையாளம் கிடைத்துவிடும். தரைவீட்டுக்குப் பெரும்பாலும் குறியீடு ஒன்றே போதும். சேர்த்த நெடுவரிசையில் கண்டிஷனல் ஃபார்மட்டிங் வழியாக இரட்டிப்புகளுக்கு நிறம் கொடுங்கள். நீக்குவதை மட்டும் கணினியிடம் விடாதீர்கள். தந்தையும் மகனும் தனித்தனி உபயதாரர்களாக ஒரே வீட்டில் இருக்கலாம். அழைப்பு ஒன்று போதுமா என்பதை அவர்களை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: மேல் வரிசை லேபிள்கள் சரியாக விழுகின்றன. கீழே போகப் போக எழுத்து விளிம்பைத் தாண்டுகிறது.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: போகப் போக விலகினால் அளவு சுருங்கியிருக்கிறது என்று பொருள். எல்லா வரிசையும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் தாள் நுழையும் இடத்தில், அல்லது மேல் மார்ஜினில் கோளாறு. உங்களுடையது முதல் வகை.

21 லேபிள் கொண்ட ஏவரி எல்7160 தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு லேபிள் 63.5 மில்லிமீட்டர் அகலம், 38.1 உயரம். ஏழு வரிசைக்கு 266.7 மில்லிமீட்டர். அச்சு 97 விழுக்காடாகச் சுருங்கினாலே மொத்தத்தில் 8 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அச்சுப் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் எடுத்துவிட்டு, ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 விழுக்காடு என்று வையுங்கள். தாள் அளவு வேர்டிலும் பிரிண்டர் அமைப்பிலும் ஏ4 என்றே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அமெரிக்க ‘லெட்டர்’ அளவு இருந்தாலும் கெடும். வேர்டில் லேபிள் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ஏவரி ஏ4/ஏ5’ பட்டியலுக்குள் போங்கள். வேறு நிறுவனத்தின் தாளாக இருந்தால் அட்டையில் அச்சிட்ட மில்லிமீட்டர் அளவை ஒப்பிடுங்கள்.

முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அச்சிட்டு, லேபிள் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிழையாக வந்த தாள்களைக் குப்பையில் போடாமல் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். அவற்றில் இருப்பவை பிறருடைய பெயரும் முகவரியும்.

கேள்வி: பட்டியலிலிருந்து முகவரிகளைத் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் செய்தால் முதல் லேபிளில் மட்டும் முகவரி வருகிறது.
– வாசகி, பொங்கோல்

பதில்: ‘மெயிலிங்ஸ்’ பட்டையில் ‘அப்டேட் லேபிள்ஸ்’ பொத்தானை அழுத்த மறந்திருப்பீர்கள். எந்தத் திருத்தமானாலும் முதல் லேபிளில் மட்டும் செய்து, இதை மறுபடி அழுத்தினால் மற்றவை மாறும். லிப்ரே ஆஃபிஸில் லேபிள் உருவாக்கும்போதே ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்’ கட்டத்தைக் குறியிட வேண்டும்.

கேள்வி: பெயரைத் தமிழில் அச்சிட்டால் கடைசி வரி பாதியில் வெட்டுப்படுகிறது. பாதி பயன்படுத்திய தாளை மறுபடி பிரிண்டரில் விடலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: லேபிள் கட்டத்தின் உயரம் மாறாதது, மிஞ்சுவது வெட்டப்படும். தமிழ் எழுத்துருக்களுக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் வேண்டும். பத்தி அமைப்பில் ‘ஸ்பேஸிங் ஆஃப்டர்’ 0 என்றும், வரி இடைவெளி ‘சிங்கிள்’ என்றும் வையுங்கள். பெயர் மட்டும் தமிழில், நிர்மலா அல்லது லதா எழுத்துருவில் 10 புள்ளி அளவில் இருக்கட்டும். தெருவும் குறியீடும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், கடைசி வரியில் ஆறு இலக்கத்தோடு. எழுத்து அளவை மாற்றியும் தமிழ் அசையவில்லை என்றால், ஃபான்ட் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் மாற்றுங்கள்.

பாதித் தாளை லேசர் பிரிண்டரில் விடவே கூடாது. உரித்த இடத்தின் ஓரத்தில் மிச்ச லேபிள் சூட்டில் கிளம்பி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பழுதுபார்க்கும் செலவு பல பெட்டி லேபிளுக்குச் சமம். இங்க்ஜெட்டுக்கான தாளையும் லேசரில் போட வேண்டாம். மிஞ்சிய லேபிள்களில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.