பழைய கேசட்டுக்குத் தனி டெக் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் மினி டிவி (MiniDV; இங்கே டிவி என்றால் டிஜிட்டல் வீடியோ), டிவிகேம் (DVCAM) வீடியோ கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. எடிட்டிங்குக்காக டெக் எனப்படும் தொழில்முறை ரெக்கார்டர் வாங்கச் சொல்கிறார்கள். கேமராவிலேயே ஓட்டினால் போதாதா?

பதில்: நாலைந்து கேசட் என்றால் கேமராவே போதும். நிறைய இருந்தால் வேண்டாம், முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டியே கேமராவின் ஹெட் (நாடாவைப் படிக்கும் பாகம்) தேய்ந்துவிடும். படம் டெக்கில் கூடுதல் அழகாக வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டிலும் விநாடிக்கு அதே 25 மெகாபிட் டிவி தரவுதான், ஃபயர்வயர் கேபிள் வழியாக அப்படியே கணினிக்குப் போகிறது. வித்தியாசம் கைவேலையில். டெக்கில் உள்ள ஜாக் டயல் என்ற வட்டத் திருகை விரலால் லேசாகத் திருப்பினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும், வெட்ட வேண்டிய இடத்தில் சட்டென நிறுத்தலாம். அப்புறம் டெக்கை வெளியிலிருந்து இயக்க உதவும் ஆர்எஸ்-422 ஒன்பது பின் இணைப்பு இருந்தால், டைம்கோடை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்) வைத்து எடிட்டிங் கருவியே டெக்கை ஃப்ரேம் பிசகாமல் இயக்கும். பெரிய கேசட்டையும் பல டெக்குகள் ஏற்கும். டிவிகேமில் டிராக் (நாடாவில் பதிவாகும் தடம்) அகலம் 15 மைக்ரான், சாதா டிவி கேசட்டில் 10தான், அதனால் சில கேமராக்கள் டிவிகேமைப் படிக்காது. உங்களுக்கு இதுதான் முக்கியம். பழைய டெக் என்றால் ஹெட் ஓடிய மணிக்கணக்கை மெனுவில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரப் படத்துக்குக் கணினியில் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும், சரியா?