கோ, வென்ட், கான்: கேட்டதும் சொன்னதும்

ஆங்கிலத்தில் ‘போ’ என்பதற்கான ‘கோ’ படுத்தும் பாட்டைப் பற்றி இந்த முறை நிறைய கேள்விகள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருமங்கலம், பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா: சார், ‘வாக்’ என்றால் ‘வாக்டு’. ‘கோ’ மட்டும் எப்படி ‘வென்ட்’ ஆச்சு? மகள் கேட்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

நல்ல கேள்விம்மா. ‘வென்ட்’, ‘கோ’ பெற்ற பிள்ளை இல்லை, தத்தெடுத்த பிள்ளை. ‘வெண்ட்’ என்று தனியாக ஒரு வினை இருந்தது. ‘வண்டு’வில் வருகிற மாதிரி மெல்லிய ட. திரும்பு, வழிபார்த்துப் போ என்று பொருள். ‘செண்ட்’ (அனுப்பு) என்பது ‘சென்ட்’ ஆவதுபோல, ‘ஸ்பெண்ட்’ (செலவழி) என்பது ‘ஸ்பென்ட்’ ஆவதுபோல, ‘வெண்ட்’ என்பதற்கு ‘வென்ட்’. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலம் கொஞ்சமும் ஒட்டாத வேறொரு சொல். அது வழக்கொழியவே, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘வென்ட்’ அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலேயக் குழந்தைகளே பேசப் பழகும்போது ‘கோடு’ என்று விதிப்படி சொல்லிப் பார்க்கும். மகளைத் திட்டாதீர்கள்.

விளக்குத்தூண், ஜவுளிக்கடை ஊழியர்: அண்ணே, வெளிநாட்டு கஸ்டமரிடம் ‘டிட் யூ வென்ட் டு த டெம்பிள்?’ என்றேன். சிரித்தார். என்ன தப்பு?

தம்பி, ‘டிட்’ வந்தவுடனே இறந்தகாலம் வந்தாச்சு. மறுபடி ‘வென்ட்’ எதற்கு? ‘டிட் யூ கோ?’ போதும். மறுப்பும் அப்படித்தான்: ‘ஐ டிட் நாட் கோ’. ஆனால் யார் போனது என்று ஆளையே கேட்டால் ‘டிட்’ வேண்டாம், ‘ஹூ வென்ட்?’ நம்ம ஊரில் நான் அதிகம் திருத்துவது இந்த ‘டிட் வென்ட்’தான். சரி, சேலை வாங்கினாரா?

உசிலம்பட்டி, போட்டித் தேர்வு எழுதுபவர்: ‘ஹி ஹாஸ் கான் டு ராமேஸ்வரம்’, ‘ஹி ஹாஸ் பீன் டு ராமேஸ்வரம்’. வித்தியாசம் என்ன?

‘கான்’ என்றால் ஆள் கிளம்பிப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘பீன்’ என்றால் எப்போதோ போய்விட்டு வந்தாச்சு. அதனால் உசிலம்பட்டியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹாவ் கான் டு ராமேஸ்வரம்’ என்றால் இடிக்கும். ‘ஐ ஹாவ் பீன்’ என்று சொல்லுங்கள்.

மேலூர், அலுவலக உதவியாளர்: லீவ் லெட்டரில் ‘ஐ ஹாவ் கான் டு அழகர்கோவில் யெஸ்டர்டே’ என்று எழுதலாமா?

கூடாது. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ வென்ட்’ மட்டும்தான். லீவ் போட்டுவிட்டு மறுநாள் லெட்டர் எழுதுகிற பழக்கத்தை உங்கள் மேலதிகாரி பார்த்துக்கொள்ளட்டும்.

சமயநல்லூர், கல்லூரி மாணவர்: ‘ஐ ஹாட் வென்ட்’ என்று வெள்ளைக்காரர்களே பேசிக் கேட்டிருக்கிறேனே?

பேச்சில் சிலர் சொல்வார்கள்தான். பரீட்சையில் எழுதினால் மார்க் போகும். ‘ஐ ஹாட் கான்’ என்றே எழுதுங்கள்.