வீட்டுக் கடன் முடிந்தது; பழைய பாலிசிகளை என்ன செய்வது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வயது 52, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. 2011-இல் 20 வருடத்துக்கு வாங்கிய 12 லட்ச ரூபாய் வீட்டுக் கடனை ஐந்து வருடம் முன்னதாகவே போன மாதம் அடைத்துவிட்டேன். கையில் நான்கு பாலிசி இருக்கிறது. 2003-இல் பொள்ளாச்சியில் வேலை பார்த்தபோது போட்ட எல்.ஐ.சி. ஜீவன் ஆனந்த், 2 லட்சம், 25 வருடம். 2016-இல் போட்ட 3 லட்ச எண்டோவ்மெண்ட் (முதிர்வில் பணம் வரும் பாலிசி), 20 வருடம், வருடத்துக்கு 16,500 ரூபாய். கடன் வாங்கியபோது எடுத்து வங்கிக்கே அசைன் செய்த (உரிமையை எழுதிக் கொடுத்த) 25 லட்ச டேர்ம் (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் வரும் பாலிசி), 65 வயது வரை. வங்கியே கடனோடு சேர்த்துக் கொடுத்த கடன் காப்பீடு ஒன்று. கடனே இல்லை, இனி டேர்ம் எதற்கு? 2016 பாலிசியைச் சரண்டர் செய்தால், அதாவது பாதியில் முடித்துக்கொண்டால், 1,25,000 கிடைக்குமாம். அதைப் புது பாலிசியில் போடலாம் என்கிறார் தெரிந்த ஏஜெண்ட். மகள் நர்சிங் இரண்டாம் வருடம், மனைவி வீட்டில், அம்மா எங்களோடு. எனக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை உண்டு.

பதில்: ஐந்து வருடம் முன்னதாகக் கடனை அடைத்தது பெரிய காரியம். ஆனால் நீங்கள் நிறுத்த நினைப்பதும் சரண்டர் செய்ய நினைப்பதும், இரண்டுமே இப்போது தொடக்கூடாதவை.

டேர்மிலிருந்து தொடங்குகிறேன். அதை எடுக்கும்போது கடன் மனதில் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பணம் வங்கிக்கு மட்டும் வேண்டியதாக இருக்கவில்லை. உங்கள் சம்பளம் நின்றால் மகளின் ஃபீஸை யார் கட்டுவது, அம்மாவின் மருந்துக்கு என்ன வழி என்ற கேள்வி கடன் முடிந்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. முன்பு அந்த 25 லட்சத்தில் கிட்டத்தட்டப் பாதி வரை வங்கிக்குப் போயிருக்கும். இன்று முழுவதும் வீட்டுக்கு வரும். 37 வயதில், சர்க்கரை வருவதற்கு முன் நிர்ணயித்த பிரீமியம் அது. இன்று புதிதாகக் கேட்டால் பல மடங்கு சொல்வார்கள், கிடைக்காமலும் போகலாம். பாலிசி தொடங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. நடுவில் விடாமல் கட்டிவந்த உங்கள் பாலிசிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. புது பாலிசிக்கு அந்த மூன்று வருடம் முதலிலிருந்து ஓட வேண்டும். போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. டேர்முக்கு அதுவரை 18 சதவீதம் கட்டினீர்கள். மகள் வேலைக்குப் போய்க் காலூன்றும் வரையாவது கட்டுங்கள். நிறுத்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அந்த டேர்ம் இன்னும் வங்கி பெயரில் அசைன்மெண்டில் இருக்கும். கடன் முடிந்ததும் அது தானாக உங்கள் பெயருக்கு மாறாது. வங்கியிடம் ரீஅசைன்மெண்ட் (உரிமையை உங்களுக்கே திருப்பித் தருவது) எழுதி வாங்கி, காப்பீட்டு நிறுவனத்தில் பதிவு செய்து, பதிவான கடிதத்தைக் கையில் வாங்குங்கள். இதைக் கேட்கப் போகும் அன்றே வீட்டு ஆதாரத்தையும் (பத்திரத்தையும்) கேளுங்கள். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கிப் பக்கத் தாமதமென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பிறகு ஒரு குடிக்கட சர்டிபிகேட் (வில்லங்கச் சான்று) எடுத்து, பழைய கடன் அதில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடன் காப்பீட்டுக்கு 20 வருடத்துக்கும் சேர்த்து ஒரே பிரீமியமாக அன்றே எடுத்திருப்பார்கள். பல இடங்களில் அதைக் கடன் தொகையோடு கூட்டிவிடுவதால் அதற்கும் வட்டி கட்டியிருப்பீர்கள். ஐந்து வருடம் பாக்கி இருக்கும்போது கடனை அடைத்திருக்கிறீர்கள். காப்பீட்டுச் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள்: மீதிக் காலத்துக்கு ஒரு தொகை திரும்ப வருமா, இல்லை காப்பு தொடருமா என்று அதில் இருக்கும். நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுத் தருவது அபூர்வம்.

இனி 2016 எண்டோவ்மெண்ட். இதை எடுக்கும் முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது பாதி தூரம் வந்தாயிற்று. கட்டிய பணத்தை மறந்துவிட்டு இன்றிலிருந்து மட்டும் கணக்குப் போடுங்கள். போனஸ் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 13,500. இருபது வருடத்துக்கு 2.7 லட்சம், அசல் 3 லட்சத்தோடு 5.7 லட்சம். மாறாக இன்று 1,25,000-ஐ வாங்கி 7 சதவீத டெபாசிட்டில் போட்டு, வருடா வருடம் அந்த 16,500-ஐயும் அதிலேயே சேர்த்துவந்தால் பத்து வருடத்தில் சுமார் 4.9 லட்சம், அதன் வட்டிக்கு வரி வேறு. போனஸ் 40 ரூபாயாகக் குறைந்தாலும் பாலிசி 5.4 லட்சம் தரும். பாதி வழியில் சரண்டர் செய்வதில் பெரிய வெட்டு விழுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். கட்டவே முடியாத நிலை வந்தால் சரண்டருக்கு முன் பெய்டு-அப் (இனி பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகைக்குப் பாலிசியைத் தொடர்வது) கேளுங்கள்: 1.5 லட்சமும் இதுவரை சேர்ந்த போனஸும் 2036-இல் வரும். உங்கள் பாலிசிக்கான உண்மையான போனஸ் தொகையைக் கிளையில் எழுதி வாங்கி, இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஜீவன் ஆனந்தைப் பற்றி ஒரு விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். 2028-இல் 2 லட்சமும் போனஸும் வந்ததும் பாலிசி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பிறகு பிரீமியம் இல்லாமலேயே 2 லட்சக் காப்பு ஆயுள் முழுக்கத் தொடரும். உங்கள் காலத்துக்குப் பின் அந்தத் தொகை இன்னொரு முறை வீட்டுக்கு வரும். சில வருடம் முன்பு வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணவரின் ஓய்வூதியக் காகிதங்களுக்காக வந்தவர், மஞ்சள் பையைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு ஜீவன் ஆனந்த் பாண்டு (பாலிசிப் பத்திரம்) இருந்தது. "அது பணம் வந்து முடிஞ்சு போனதுங்க" என்று திரும்பப் பைக்குள் வைக்கப் போனார். வாங்கிப் படித்துப் பார்த்து விண்ணப்பம் போட்டோம், பணம் வந்தது. பாண்டில் கணவரின் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதார் அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். அதைச் சரிக்கட்டவே அவர் நான்கு முறை பஸ் ஏறினார்.

உங்கள் 2003 பாண்டிலும் பொள்ளாச்சி முகவரி, பழைய இனிஷியல், நாமினியாக உங்கள் அப்பா என்று இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று பாலிசியிலும் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, நாமினி நான்கையும் சரிபார்த்து, மனைவியை நாமினியாக்குங்கள். ஜீவன் ஆனந்த் பாண்டின் மேல் "2028-க்குப் பிறகும் காப்பு உண்டு" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி, அதை மகளிடம் காட்டிவிடுங்கள்.

புது பாலிசி இப்போது வேண்டாம். மாதம் மிஞ்சும் இ.எம்.ஐ. பணத்தில் முதலில் ஆறு மாதச் செலவை ஆர்.டி.யில் சேருங்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கம்பெனி தருவது மட்டும்தானா, வேலையை விட்டால் அது நிற்குமா என்று கேட்டு எழுதுங்கள். சர்க்கரை இருப்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.