ஓட்டுக்கு மேலே மரநாய் இருந்தால் என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் மரநாய் (நாய் இல்லை, பூனை மாதிரி இருக்கும் இரவு விலங்கு) குடியேறிவிட்டது, பிடித்துக் கொடுக்கலாமா, ஊர்ப் பல்லுயிர்க் குழு இதில் ஏதாவது செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களே பிடிக்கக் கூடாது. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு. தவிர்க்க முடியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஆள் புழங்காத வீடு, இருட்டான பரண், கொல்லையில் பழமரம்: அதற்கு வேறென்ன வேண்டும்? எங்கள் ஆயா வீட்டு இரண்டாங்கட்டில் சாயங்காலமானால் சோறு வெந்த மாதிரி வாசனை வரும், அடுப்பே எரியாது. அது மரநாயின் வாசனை என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் வளவில், அதாவது உள்முற்றத்தில், எச்சம் கிடக்கும், அதில் முழுசு முழுசாகப் பழக்கொட்டைகள். எலியையும் பிடிக்கும். துளையை அடைப்பதானால் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இருட்டியபின் அது வெளியே போன நேரத்தில் அடையுங்கள்.

சரி, குழு விஷயம். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஊரில் உள்ள உயிர்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அந்தக் குழு எழுத வேண்டும். விலங்கு பிடிப்பது அதன் வேலை இல்லை. ஆனால் உங்கள் மரநாய், மச்சில் அடையும் கூகை, ஊருணிக்கு வரும் கொக்கு எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டியவை. நகரத்துப் பதிவேடு மூலிகைப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

ஊரார் நினைத்தால் உயிர்களைக் காக்கலாம்: சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்கள் சரணாலயமானது 1977இல். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், மரநாய் அதில் இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள்.