துறைமுகக் கேள்வி பதில்: ரீடருக்கு எந்த எண்?

பதில் சொல்பவர், தூத்துக்குடியில் முப்பது வருடம் கிளியரிங் வேலை (சுங்கத்தில் சரக்கை விடுவிப்பது) பார்த்துவிட்டு இப்போது சொந்த ஊரான தேவிபட்டினத்தில் ஓய்வில் இருப்பவர்.

கேள்வி: ஐயா, நான் நண்டு கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்க்கிறேன். படகிலிருந்து இறங்கும் கிரேட்டுகளில் டேக் ஒட்டி, எந்தக் கிரேட் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று கணக்கெடுக்க, டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் இரண்டு ஆர்எஃப்ஐடி ரீடர் சீனாவிலிருந்து வாங்குகிறோம். சுங்க டூட்டிக்கு எந்தச் சரக்கு எண் போடுவது என்று கேட்டால், சப்ளையர் 8517 என்கிறார். எங்கள் ஏஜெண்ட் 8471 என்கிறார். தெரிந்தவர் ஒருவர், "8543 போடுங்க, நடுவுல நிக்கலாம்" என்கிறார். யாரை நம்புவது? (மண்டபம் வாசகர்)

பதில்: தம்பி, மூன்று பேரும் எண்ணைத்தான் சொல்கிறார்கள். உங்கள் மெஷின் என்ன செய்யும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை போலிருக்கிறது.

சரி, முதலில் பணத்தைப் பார்ப்போம். சரக்கின் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வையுங்கள். கம்ப்யூட்டருக்கும் அதன் உறுப்புகளுக்குமான 8471-ல் அடிப்படை டூட்டி கிடையாது, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டி) மட்டும் 18,000. அதே பெட்டி தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான 8517 62 90-க்குப் போய் 20 சதவீத விகிதத்தில் விழுந்தால் டூட்டி 20,000, அதன் மேல் சமூக நல சர்சார்ஜ் 2,000, எல்லாம் சேர்த்த தொகைக்கு ஐஜிஎஸ்டி 21,960. மொத்தம் 43,960. 8543 70 99-ல் டூட்டி 7.5 சதவீதம், மொத்தம் 27,735 வரும். ஐஜிஎஸ்டியை நீங்கள் கிரெடிட் எடுத்து, பிறகு கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். டூட்டியும் சர்சார்ஜும் போனது போனதுதான். ஆக 8471-க்கும் 8517-க்கும் நடுவே உங்கள் கையைக் கடிப்பது 22,000.

இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் ஆளாளுக்கு ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் விகிதத்தைப் பார்த்து எண்ணைத் தேடக் கூடாது. சுங்க அட்டவணையில் 84-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் குறிப்பை எடுங்கள். (2022 ஜனவரிக்கு முன் இதுவே 5-ஆம் குறிப்பு. பழைய தீர்ப்புகளைப் புரட்டுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.) ஒரு கருவி கம்ப்யூட்டரின் உறுப்பு என்றால் மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: அதன் வேலை முழுக்கவோ பெரும்பாலுமோ கம்ப்யூட்டரோடுதான் இருக்க வேண்டும், நேராகவோ இன்னொரு உறுப்பு வழியாகவோ அதில் இணைய வேண்டும், கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவில் தகவலை வாங்கவோ கொடுக்கவோ வேண்டும். யுஎஸ்பி வயரில் கணினியோடு சேர்ந்து, டேக்கின் எண்ணைப் படித்துக் கொடுப்பதோடு நின்றுவிடும் ரீடர் இந்த மூன்றிலும் தேறும்.

சிக்கல் அடுத்த பத்தியில் இருக்கிறது. தகவலை அனுப்பும், பெறும் கருவிகள் தனியாக வந்தால் 8471-ல் சேராது என்று அதே குறிப்பு சொல்கிறது. வயர்லெஸ் நெட்வொர்க் கருவிகளும் அதில் அடக்கம். "ரேடியோ இருக்கே?" என்று சுங்க அப்ரைசர் கேட்பது இதை வைத்துத்தான். என் கருத்து இது: டேக்கில் பேட்டரி இல்லை. ரீடர் விடும் அலையில்தான் அது விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. போகலூர் டோல்கேட்டில் உங்கள் ஃபாஸ்டேக் செய்வதும் அதைத்தான். அங்கே வேலை படிப்பது, அலை அதற்கான வழி. ஆனால் நீங்கள் வாங்குவதில் வைஃபையும் சிம் கார்டும் இருந்து, கணினியே இல்லாமல் சர்வருக்குத் தகவல் அனுப்பினால், 8517 என்பவரின் பக்கம் கனத்துவிடும். 8543 வேறெங்கும் சொல்லப்படாத மின்கருவிகளுக்கான இடம். மற்ற இரண்டும் கைவிட்ட பிறகு போக வேண்டிய வீடு அது. நடுவில் நிற்பதற்காக அங்கே போகாதீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். இதே போல் ஒரு ரீடருக்கு 8471 போட்டு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குச் சுங்கத்தில் கொடுக்கும் பத்திரம்) தாக்கல் செய்தேன். ஷெட்டில் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். அதிகாரி மெஷினைத் தொடவே இல்லை. இன்வாய்ஸின் நாலாவது வரியில் விரலை வைத்தார். "வயர்லெஸ் டிரான்ஸீவர்" என்று சப்ளையர் அடித்திருந்தார். நான் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை, கேட்டலாக்கும் கையில் இல்லை. டேட்டாஷீட் வந்து சேர நாலு நாள், அதுவரை சரக்கு கிடந்ததற்கு டெமரேஜ் கட்டணம். சரக்குக்குரிய பார்ட்டி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே பணம் அனுப்பும் முன் டேட்டாஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸில் மெஷினின் வேலை உள்ளபடி இருக்கட்டும். அழகுக்காகச் சேர்த்த சொல் வேண்டாம். இல்லாததை எழுதச் சொல்லிவிடவும் வேண்டாம். குறைவாகக் கட்டிய டூட்டியைச் சாதாரணமாக 2 வருடம் வரை கேட்பார்கள், மறைத்ததாகத் தெரிந்தால் 5 வருடம். தொடர்ந்து இறக்குமதி செய்வதாக இருந்தால், எந்த எண் என்று சுங்கச் சட்டத்தின் 28ஹெச் பிரிவில் முன்கூட்டியே தீர்ப்பு கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான அமைப்பு இருக்கிறது, கட்டணம் 10,000. இரண்டு ரீடருக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நம் நாட்டில் இந்த வகை ரீடருக்கு லைசென்ஸ் இல்லாமல் விட்டிருப்பது 865-868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கான 902-928 மாடலைத் தள்ளிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். தொலைத்தொடர்புத் துறையின் ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றையும் கேளுங்கள். அப்புறம், டேக்கை ஐஸ் படும் பக்கம் ஒட்டாதீர்கள். தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

கேள்வி: டேக்குகளும் ரீடரோடு ஒரே பெட்டியில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எண் போதுமா? (தொண்டி வாசகர்)

பதில்: போதாது. ஆயிரம் டேக் வந்தால் அது தனிச் சரக்கு, 8523-ல் போகும். இன்வாய்ஸிலும் தனி வரி, தனி விலை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணன் துபாயிலிருந்து வருகிறார். ஒரு ரீடரை அவர் பெட்டியில் வைத்துவிட்டால் இந்த எண் தொல்லையே இல்லையே? (கீழக்கரை வாசகர்)

பதில்: எண் இருக்கிறது, பயணச் சாமானுக்கு 9803. கடைக்கு வாங்கிய மெஷின் சொந்தச் சாமான் ஆகாது என்று கவுண்டரில் சொன்னால் அண்ணன் என்ன பதில் சொல்வார்? பில் ஆஃப் என்ட்ரி இல்லாமல் உங்களுக்கு ஜிஎஸ்டி கிரெடிட்டும் கிடைக்காது. அவரை அல்வாவும் பேரீச்சையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ரீடர் கார்கோவில் வரட்டும்.